அணு ஒப்பந்தங்கள் அவைக்கு வரட்டும்: தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் என்று தமிழ்நாடு தில்லிக்கு அனுப்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன். கட்சி, கூட்டணி என்று பிரித்துப் பார்க்கவில்லை. இந்தியாவின் அணுமின் நிறுவுதிறனில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் இருக்கிறது. வேறு எந்த மாநிலத்து உறுப்பினரையும்விட உங்களுக்கு இந்த விஷயத்தில் கேள்வி கேட்கும் உரிமை அதிகம், கடமையும் அதிகம்.

என் கோரிக்கை ஒன்றுதான். அயல்நாட்டோடு இந்தியா கையெழுத்திடும் ஒவ்வோர் அணுசக்தி ஒப்பந்தமும் நடைமுறைக்கு வருவதற்கு முன்னால் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். உறுப்பினர்கள் அடங்கிய குழு ஒன்று அதை வரி வரியாகப் படிக்க வேண்டும். விஞ்ஞானிகளையும், சட்டம் தெரிந்தவர்களையும், உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களையும் அழைத்து விசாரித்து, தன் அறிக்கையை வெளியிட வேண்டும். இதற்காக நீங்கள் 57 பேரும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும்.

இன்று நம் அரசியல் சட்டத்தில் இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. அயல்நாட்டு ஒப்பந்தங்கள் ஒன்றியப் பட்டியலின் 14ஆவது பதிவில் வருகின்றன. நாடாளுமன்றம் அதைப் பற்றிச் சட்டம் இயற்றலாம், இதுவரை இயற்றவில்லை. அதனால் அமைச்சரவை முடிவெடுக்கிறது, தூதர்கள் பேசுகிறார்கள், கையெழுத்து ஆகிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்ற உள்நாட்டுச் சட்டம் தேவைப்பட்டால் மட்டுமே விஷயம் உங்கள் முன் வருகிறது. அப்போது ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்துபோயிருக்கும்.

அணுசக்தி விஷயத்தில் இது எவ்வளவு பெரிய குறை என்பதற்கு நம் பழைய அனுபவமே சாட்சி. 1963இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டோம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மகாராஷ்டிரத்தின் தாராப்பூரில் இரண்டு உலைகளைக் கட்டித் தந்தது. 1969இல் அவை மின்சாரம் கொடுக்கத் தொடங்கின. 1974 மே 18 அன்று பொக்ரானில் நாம் அணுவெடிப்புச் சோதனை நடத்தினோம். அதற்கான புளூட்டோனியம், கனடாவின் உதவியோடு கட்டப்பட்டு அமெரிக்கக் கனநீரில் இயங்கிய சைரஸ் ஆய்வு உலையிலிருந்து எடுக்கப்பட்டது. கனடா அணுசக்தி உறவை முறித்துக்கொண்டது. நம்மைப் போல இன்னொரு நாடு செய்துவிடக் கூடாது என்று அணுப்பொருள் வழங்கும் நாடுகள் ஒரு குழுவாகக் கூடின. 1978இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு புதிய சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் 1963 ஒப்பந்தத்தை மீறி நின்றது. தாராப்பூருக்கு வந்துகொண்டிருந்த எரிபொருள் நின்றது. பிரான்ஸிடமும், சீனாவிடமும், ரஷ்யாவிடமும் மாறி மாறிக் கேட்டு அந்த இரண்டு உலைகளை ஓட்ட வேண்டியதாயிற்று. நம் அரசு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஆயுளை மறுதரப்பின் சட்டமன்றம் தீர்மானித்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த ஒதுக்கல் நம் பொறியாளர்களைச் சோர்வடையச் செய்யவில்லை. கனடாக்காரர்கள் விட்டுப்போன ராஜஸ்தான் இரண்டாம் உலையை நம்மவர்களே முடித்தார்கள். கல்பாக்கத்தில் முதல் உலையை 1983இல் இயக்கிக் காட்டினார்கள். ஆனால் ஜார்க்கண்டின் ஜாதுகுடா சுரங்கத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்த யுரேனியம் தரம் குறைந்தது, அளவிலும் போதவில்லை. 2008 வாக்கில் நம் உலைகள் தம் திறனில் ஏறத்தாழப் பாதி அளவுக்கே ஓடின. உலை இருந்தது, ஆள் இருந்தார்கள், போட எரிபொருள் இல்லை.

இந்தப் பின்னணியில் 2005 ஜூலை 18 அன்று வாஷிங்டனில் மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் வெளியிட்ட கூட்டறிக்கை ஒரு பெரிய கதவைத் திறந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் சியாம் சரண், சிவசங்கர் மேனன், அனில் ககோட்கர் போன்றவர்கள் செய்த வேலையை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். 2006 மார்ச்சில் நம் அனல் உலைகள் 22இல் 14ஐச் சர்வதேசக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவருவதாக ஏற்றுக்கொண்டு, மற்றவற்றை நம் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 2008 ஆகஸ்ட் 1 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழு கண்காணிப்பு உடன்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது. செப்டம்பர் 6 அன்று வியன்னாவில் அணுப்பொருள் வழங்கும் 45 நாடுகளின் குழு, 34 ஆண்டுத் தடையிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து ஆகியவை கடைசி நேரம் வரை தயங்கின. இந்தியா தானாக ஏற்றுக்கொண்ட சோதனை நிறுத்தத்தைத் தொடரும் என்று பிரணாப் முகர்ஜி முந்தைய நாள் வெளியிட்ட அறிக்கைதான் அவர்களை இறங்கிவரச் செய்தது.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு ஒன்றுக்கு இப்படி ஒரு விலக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. அதன் பலனும் கண்கூடு. பிரான்ஸ், ரஷ்யா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், கனடா என்று யுரேனியம் வரத் தொடங்கியது. பொக்ரானுக்குப் பிறகு உறவை முறித்த அதே கனடாவோடு 2015இல் சுமார் 3,000 டன்னுக்கு ஒப்பந்தமாயிற்று. சில ஆண்டுகளிலேயே நம் உலைகள் முக்கால் பங்குக்கு மேல் ஓடின. இந்தியாவின் அணுசக்தி ராஜதந்திரம் ஈட்டிய உண்மையான பலன் இந்த யுரேனியம்தான் என்பது என் முடிவு. புதிய அமெரிக்க உலை ஒன்றுகூட இன்றுவரை வரவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜெய்தாப்பூரில் பிரெஞ்சு உலைகள் எழவில்லை. ஆந்திரத்தின் கொவ்வாடாவில் வெஸ்டிங்ஹவுஸ் உலைகளும் எழவில்லை.

இனி என் மனத்தை உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். அந்த மூன்றாண்டுகளில் ஒப்பந்தத் தாள்களை யார் யார் படித்தார்கள்?

அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 123ஆவது பிரிவின்படி இத்தகைய ஒப்பந்தம் எதுவானாலும் காங்கிரஸின் முன் வைக்கப்பட வேண்டும். அந்த எண்ணே ஒப்பந்தத்தின் பெயராகி, நம் ஊர்த் தேநீர்க் கடை வரை வந்துசேர்ந்தது. இந்தியாவுக்கென்று தனியாக ஹைட் சட்டத்தை 2006 டிசம்பரில் இயற்றினார்கள். ஒப்பந்த வாசகம் தயாரானதும் அமெரிக்கக் கீழவையின் வெளியுறவுக் குழு, தன் நாட்டு வெளியுறவுத் துறைக்கு 45 கேள்விகளை அனுப்பியது. இந்தியா மறுபடி சோதனை நடத்தினால் என்ன ஆகும்? எரிபொருள் தடையின்றி வரும் என்ற உறுதிமொழி எதுவரை செல்லும்? மறுசுத்திகரிப்புத் தொழில்நுட்பம் கொடுப்பீர்களா? 2008 ஜனவரியில் பதில் போய்ச் சேர்ந்தது. பல மாதங்கள் அதை வெளியிடாமல் வைத்திருந்தார்கள். வியன்னாக் கூட்டம் கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 2 அன்று, அக்குழுவின் தலைவர் ஹோவர்ட் பெர்மன் அதை வெளியிட்டார். சோதனை நடந்தால் ஒத்துழைப்பை நிறுத்தும் உரிமை தங்களுக்கு உண்டு, எரிபொருள் உறுதிமொழி அந்த உரிமையைத் தடுக்காது, செறிவூட்டல் போன்ற நுட்பங்களைத் தரும் எண்ணம் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. இந்திய நாட்டின் எதிர்கால எரிபொருளைப் பற்றிய இந்த விளக்கத்தை இந்திய நாடாளுமன்ற உறுப்பினர்கள், அமெரிக்கக் குழு வெளியிட்ட கடிதத்தின் மூலம் தெரிந்துகொண்டார்கள்.

கண்காணிப்பு உடன்பாட்டின் கதையும் இப்படித்தான். அன்று அரசுக்கு ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகள் வரைவைப் பார்க்கக் கேட்டன. வெளியில் காட்ட முடியாது என்று பதில் வந்தது. 2008 ஜூலையில் ஆதரவு விலக்கப்பட்டது. அதே சமயம் வரைவு வியன்னாவில் ஆளுநர் குழுவின் 35 நாடுகளுக்கும் அனுப்பப்பட்டது. அதற்குப் பிறகே அது நம் நாட்டில் எல்லோர் கைக்கும் கிடைத்தது.

ஜூலை 22 அன்று மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தது. 275க்கு 256. பணக்கட்டுகள் அவையின் நடுவே காட்டப்பட்ட அந்த நாளை நாடு மறக்கவில்லை. அந்த வாக்கெடுப்பின் பொருள் அரசு நீடிக்க வேண்டுமா என்பதுதான். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவும் வாக்குக்கு விடப்படவில்லை. சில வாரங்கள் கழித்து அமெரிக்கக் கீழவை 298க்கு 117 என்றும், செனட் 86க்கு 13 என்றும், ஒப்பந்தத்தின் மீதே வாக்களித்தன.

மற்ற நாடுகளும் அப்படியே. 2014இல் நம்மோடு கையெழுத்திட்ட ஆஸ்திரேலியா, யுரேனிய ஒப்பந்தத்தைத் தன் நாடாளுமன்றத்தின் ஒப்பந்தங்களுக்கான கூட்டுக்குழுவிடம் அனுப்பியது. அந்நாட்டின் அணுக் கண்காணிப்பு அலுவலகத்தின் முன்னாள் தலைவரே வந்து ஒப்பந்தத்தின் பலவீனங்களை எடுத்துச் சொன்னார். இந்தியாவில் சட்டபூர்வமான, சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு வர வேண்டும் என்பது உள்ளிட்ட நிபந்தனைகளை 2015இல் குழு பரிந்துரைத்தது. அவர்கள் அரசு எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆனால் எதை ஏற்கவில்லை என்பது ஆவணத்தில் இருக்கிறது. 2016இல் டோக்கியோவில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு ஜப்பான் நாடாளுமன்றம் 2017இல் விவாதித்து ஒப்புதல் கொடுத்தது. இந்தியாவோடு தங்கள் அரசு செய்துகொண்ட உடன்பாட்டில் என்ன இருக்கிறது என்று ஆஸ்திரேலிய மீனவரும் ஜப்பானிய விவசாயியும் தங்கள் பிரதிநிதியிடம் கேட்க வழி இருக்கிறது. கூடங்குளத்து மீனவருக்கு இல்லை.

கூடங்குளம் என்று சொன்ன பிறகு கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1988 நவம்பர் 20 அன்று தில்லியில் ராஜீவ் காந்தியும் மிகயீல் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம் அது. உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளைச் சோவியத் ஒன்றியமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று அப்போது பேசி முடித்திருந்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தது. திட்டம் கிடப்பில் போனது. 1998இல் ரஷ்யாவோடு துணை ஒப்பந்தம் வந்தபோது அந்தப் பகுதி மாறிவிட்டது. எரிந்த எரிபொருள் இந்தியாவிலேயே இருக்கும். பல்லாயிரம் ஆண்டுகள் கதிரியக்கம் அடங்காத ஒரு பொருள் ராதாபுரம் வட்டாரத்துக் கடற்கரையில் தங்குமா, ரஷ்யாவுக்குப் போகுமா என்ற கேள்விக்கு இரண்டு அரசுகள் தமக்குள் விடை மாற்றிக்கொண்டன. அன்று அந்தப் பகுதியிலிருந்து மக்களவைக்குப் போன உறுப்பினருக்கு அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்க வாய்ப்பே இருக்கவில்லை.

அதன் விளைவை இன்றும் அனுபவிக்கிறோம். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலை இயங்கலாம் என்று தீர்ப்பளித்தபோது, எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்தாண்டுக்குள் அமைக்கச் சொன்னது. ஆழ் நிலத்தடியில் நிரந்தரக் கிடங்குக்கான ஏற்பாட்டையும் விரைவுபடுத்தச் சொன்னது. காலக்கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. வெளிக்கிடங்குக்காக 2019இல் ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது. 1998 ஒப்பந்தத்தை அன்றே ஒரு நாடாளுமன்றக் குழு படித்திருந்தால், கிடங்கு எங்கே, எத்தனை ஆண்டுக்கு, யார் செலவில் என்ற கேள்விகள் முதல் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே எழுந்திருக்கும்.

ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு 2011இல் இடிந்தகரையில் மக்கள் திரண்டதையும், ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் போடப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கை. 2012இல் மத்திய தகவல் ஆணையம் அதைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. உலையை நடத்தும் அரசு நிறுவனம் அந்த உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. உலையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒன்றுபட வேண்டிய இடம் இது. என்னைக் கேட்டால், கூடங்குளத்தில் ஓடுகிற உலைகள் ஒழுங்காக ஓட வேண்டும், அவை தரும் மின்சாரம் தமிழ்நாட்டுக்குத் தேவை என்றே சொல்வேன். அதைச் சொல்லும் எனக்கும் அந்த அறிக்கையைப் படிக்கும் உரிமை வேண்டும்.

நாடாளுமன்றம் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 2010இல் அணு விபத்து இழப்பீட்டு மசோதா வந்தபோது உலையை நடத்துபவரின் பொறுப்பு 500 கோடி ரூபாய் என்றுதான் இருந்தது. அந்த ஜூன் மாதத்தில் போபால் விஷவாயு வழக்கின் தீர்ப்பு வெளியாகி, ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு இரண்டாண்டுச் சிறைதான் தண்டனையா என்று நாடே கொதித்துப்போயிருந்தது. மசோதா அப்போது நிலைக்குழுவின் ஆய்வில் இருந்தது. 500 கோடி 1,500 கோடியானது. பழுதான கருவி கொடுத்த வழங்குநரிடம் இழப்பீட்டைத் திரும்பக் கேட்கும் 17ஆவது பிரிவில், இரண்டு உட்பிரிவுகளைச் சேர்த்துப் பிணைக்கும் ஓர் இணைப்புச் சொல் நுழைந்திருந்தது. அது இருந்தால் ஒப்பந்தத்தில் தனியே எழுதியிருந்தால் ஒழிய வழங்குநரைத் தொட முடியாது. உறுப்பினர்கள் அதைக் கண்டுபிடித்து எதிர்த்தார்கள், நீக்கப்பட்டது. பிறகு, வேண்டுமென்றே சேதம் விளைவித்தால் மட்டுமே என்று ஒரு வாசகம் வந்தது, அதையும் எதிர்த்தார்கள், அதுவும் போனது. ஆகஸ்ட் 25 அன்று மக்களவையும் 30 அன்று மாநிலங்களவையும் நிறைவேற்றிய சட்டம், உறுப்பினர்கள் உட்கார்ந்து படித்ததால் மக்களுக்குச் சாதகமான சட்டமாயிற்று.

அந்தப் பிரிவினால்தான் அமெரிக்க, பிரெஞ்சு உலைகள் வரவில்லை என்று பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. அதில் ஓரளவு உண்மை உண்டு; அந்த நிறுவனங்கள் வெளிப்படையாகவே தயங்கின. ஆனால் அதே சட்டம் இருக்கும்போதுதான் ரஷ்யா கூடங்குளத்தில் மூன்று முதல் ஆறு வரையிலான உலைகளுக்கு ஒப்பந்தம் போட்டு 2017இலும் 2021இலும் கட்டத் தொடங்கியது. வெஸ்டிங்ஹவுஸ் 2017இல் திவாலானது நம் சட்டத்தினால் அல்ல. தன் சொந்த நாட்டில் கட்டிய உலைகளின் செலவு கட்டுக்கடங்காமல் போனதால். பிரான்ஸில் ஃபிளாமன்வில் உலையை 2007இல் கட்டத் தொடங்கி 2024 டிசம்பரில்தான் மின்கட்டமைப்போடு இணைத்தார்கள். ஜெய்தாப்பூர் நிற்பதற்கு இந்தக் காரணங்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

2025 டிசம்பரில் நிலைமை தலைகீழாக மாறியது. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தையும் நீக்கிவிட்டு, சாந்தி என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய சட்டம் வந்தது. 15ஆம் தேதி அறிமுகமான மசோதாவை 17ஆம் தேதி மக்களவையும் 18ஆம் தேதி மாநிலங்களவையும் நிறைவேற்றின. குழுவுக்கு அனுப்புங்கள் என்று உங்களில் பலரும் கேட்டீர்கள், ஏற்கப்படவில்லை. தனியார் நிறுவனங்கள் உலை நடத்த வழி திறந்தது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டிய பெருங்குறை அது, இப்போதாவது தீர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனால் பழுதான கருவிக்காக வழங்குநரிடம் திரும்பக் கேட்கும் அந்த உரிமை போய்விட்டது. இனி எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. இல்லையென்றால், வேண்டுமென்றே செய்த சேதத்துக்கு மட்டும் உண்டு. 2010இல் உங்களுக்கு முன் இருந்தவர்கள் விலக்கிவைத்த அதே ஏற்பாடு இது.

மிகப் பெரிய உலைக்கு நடத்துபவரின் பொறுப்பு 3,000 கோடி ரூபாயோடு முடிகிறது. அது 35 கோடி டாலருக்கும் குறைவு. போபாலுக்காக யூனியன் கார்பைடு 1989இல் கொடுத்தது 47 கோடி டாலர். அது போதவில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதனால்தான் ஒப்பந்தத் தாள் முன்னெப்போதையும்விட முக்கியமாகிவிட்டது. இதுவரை சட்டப் புத்தகத்தில் அச்சாகி எல்லோரும் படிக்கக் கிடந்த ஒரு பாதுகாப்பு, இனி இரண்டு தரப்பு மட்டும் கையெழுத்திடும் காகிதத்தில் எழுதப்படும் அல்லது எழுதப்படாமல் விடப்படும். 2047க்குள் ஒரு லட்சம் மெகாவாட் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். 2025 இறுதியில் இருந்தது 9,000 மெகாவாட்டுக்கும் குறைவு. அந்த இடைவெளியை நிரப்ப ரஷ்யா, பிரான்ஸ், அமெரிக்கா என்று அடுத்தடுத்துப் பேச்சுவார்த்தை நடக்கும். ஹோல்டெக் நிறுவனத்தின் சிறு உலை வடிவமைப்பை இந்திய நிறுவனங்களுக்குத் தர அமெரிக்கா 2025 மார்ச்சிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. வரப்போகும் ஒவ்வொரு தாளிலும் விபத்துப் பொறுப்பு, எரிந்த எரிபொருள், எரிபொருள் உத்தரவாதம், ஒப்பந்தம் முறிந்தால் என்ன என்ற நான்கு விஷயங்களும் எப்படி எழுதப்படுகின்றன என்பதை யார் பார்க்கப்போகிறார்கள்?

ராஜதந்திரத்தில் ரகசியம் வேண்டும் என்பார்கள். பேச்சு நடக்கும்போது வேண்டும்தான். எதிர்த்தரப்பிடம் நம் கையிருப்பைக் காட்டிவிட்டுப் பேரம் பேச முடியாது. கையெழுத்தான பிறகு மறுதரப்புக்குத் தெரிந்த ஒன்றை நம் மக்களிடமிருந்து மட்டும் மறைப்பதில் என்ன ராஜதந்திரம் இருக்கிறது? 123 ஒப்பந்தத்தின் வாசகத்தை 2007 ஆகஸ்டில் இரண்டு அரசுகளும் வெளியிட்டன. வானம் இடிந்து விழவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் தலையிட்டால் நம் தூதர்களின் கை பலவீனமாகும் என்ற பயம் ஆதாரமற்றது. 2006 ஆகஸ்டில் ஹோமி சேத்னா, பி.கே. ஐயங்கார், எம்.ஆர். ஸ்ரீனிவாசன் உள்ளிட்ட ஓய்வுபெற்ற அணு விஞ்ஞானிகள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார்கள். அவையில் கேள்விகள் எழுந்தன. ஆகஸ்ட் 17 அன்று பிரதமர் மாநிலங்களவையில் எவற்றை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று ஒவ்வொன்றாக உறுதி கூறினார். அடுத்த ஓராண்டுப் பேச்சில் நம் அதிகாரிகளுக்கு அதுவே எல்லைக்கோடு; அவையில் சொன்னதை மீற முடியாது என்று அவர்கள் எதிர்த்தரப்பிடம் சொல்ல முடிந்தது. அமெரிக்க அதிகாரிகளுக்குப் பின்னால் ஹைட் சட்டம் நின்றதுபோல, நம் அதிகாரிகளுக்குப் பின்னால் அன்று இந்த அவை நின்றது. அதை ஒரு முறை நிகழ்ந்த நல்ல சம்பவமாக விட்டுவிடாமல் நிரந்தர ஏற்பாடாக்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூடங்குளம் மூன்று முதல் ஆறு வரையிலான உலைகளுக்கான ரஷ்ய ஒப்பந்தங்களில் விபத்துப் பொறுப்பையும் எரிந்த எரிபொருளையும் பற்றிய பகுதிகளை அவையில் வைக்கச் சொல்லி நட்சத்திரக் கேள்வி கேட்கலாம். புதிய சட்டத்தின் கீழ் விதிகள் அவையில் வைக்கப்படும்போது அவற்றைப் படித்துத் திருத்தம் கொடுக்கலாம். வழக்கமாக அந்த விதிகள் யாரும் திறந்து பார்க்காமலே கடந்துபோகின்றன. அணுசக்தித் துறையைப் பார்க்கும் நிலைக்குழுவிலும் வெளியுறவு நிலைக்குழுவிலும் உங்களில் இருப்பவர்கள் ஒப்பந்தங்களை ஆய்வுக்கு எடுக்கச் சொல்லலாம். ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்ற தனிநபர் மசோதாக்கள் இதற்கு முன் வந்து நிறைவேறாமல் போயிருக்கின்றன. அணுசக்தி ஒப்பந்தங்களுக்கு மட்டுமாவது என்று சுருக்கி, உங்களில் ஒருவர் கொண்டுவந்து மற்ற 56 பேரும் பேசினால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. குழுவின் அறிக்கை எதுவானாலும் அதன் தமிழ் வடிவம் ராதாபுரத்திலும் கல்பாக்கத்தை அடுத்த திருக்கழுக்குன்றத்திலும் ஊராட்சி அலுவலகங்களில் கிடைக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

அரசில் இருப்பவர்கள் மாறுவார்கள். இன்று எதிர்வரிசையில் இருந்து குழுவைக் கேட்பவர்கள் நாளை ஆளும் வரிசையில் அமரும்போது அதே கோரிக்கையை மறுத்த வரலாறு நமக்கு உண்டு. 2008இல் ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்துப் பேசிய கட்சி, ஆட்சிக்கு வந்ததும் அதன் மேலேயே கட்டியெழுப்பியது. 2010இல் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்த கட்சி 2025இல் அதன் 17ஆவது பிரிவைக் காப்பாற்றப் பேசியது. இரு தரப்புக்கும் ஏற்ற ஒரே ஏற்பாடு, யார் ஆண்டாலும் தாள் அவைக்கு வர வேண்டும் என்பதுதான்.

வரும் கூட்டத்தொடரிலேயே இதைத் தொடங்குங்கள். முதல் கேள்வியைக் கேட்பவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் மற்றவர்கள் அவருக்குத் துணை நில்லுங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி மாவட்டத்து வாக்காளர் ஒருவர்